கோச் அண்ணா பேசியதற்கு மகள் என்ன பதில் சொல்ல வேண்டும்?

வாசகர் கேள்வி – பதில்

பயிற்சித் திடல்களில் பிள்ளைகள் கேட்க நேரும் தகாத பேச்சைப் பற்றி வடசென்னையிலிருந்து வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பாதிக்கப்பட்ட குழந்தை யார் என்பதை வெளிப்படுத்தும் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு கூறுவதால், கடிதங்களில் இருந்த பெயர், தெரு, அணி, வேலை விவரங்களை நீக்கியோ மாற்றியோ இருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீடு வியாசர்பாடியில் இருக்கிறது. கணவர் துறைமுகத்துக்கு டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். நான் துணி ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறேன். 13 வயதாகும் எங்கள் மகள் நான்கு வருடங்களாக ஃபுட்பால் ஆடுகிறாள். அவளுக்குச் சொல்லிக்கொடுப்பவர் எங்கள் ஏரியாக்காரர்தான்; பிள்ளைகள் எல்லாரும் அவரைக் கோச் அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். பீஸ் வாங்குவதில்லை. ஷூ வாங்க முடியாத பிள்ளைகளுக்குத் தன் பணத்தில் வாங்கித் தருவார். எத்தனையோ பையன்களை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு அனுப்பியவர். மகள் பெரியவளானதிலிருந்து அவளுடைய உடம்பைப் பற்றி எல்லார் முன்னாலும் ஏதாவது சொல்லிச் சிரிக்கிறாராம். அந்த வார்த்தைகளை எழுத எனக்குக் கை வரவில்லை. இரவில் அவளுடைய போனுக்கு ‘தூங்கலையா’ என்று மெசேஜ் வந்திருக்கிறது. ஜெர்சி அளவு பார்க்க வேண்டும், போட்டோ எடுத்து அனுப்பு, வீட்டில் சொல்லாதே என்றும் ஒருநாள் கேட்டிருக்கிறார். காலையில் வயிற்று வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டே இருந்தவள், கடைசியில் அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள். பெண் பிள்ளைக்கு இந்த ஆட்டம் எதற்கு, நிறுத்து என்கிறார் மாமியார். போய் அவன் கையை உடைத்துவிட்டு வருகிறேன் என்கிறார் கணவர். இனி அவர் அப்படிப் பேசினால் நறுக்கென்று பதில் சொல்ல மகளைப் பழக்கிவிட வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அவளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?

பதில்: உங்கள் கடிதம் தொலைபேசி எண்ணுடன் வந்ததால், இதழ் அச்சுக்குப் போகும்வரை காத்திருக்காமல் உங்களை அழைத்துப் பேசினேன். ஒரு குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்றோ நடக்கக்கூடும் என்றோ அறிந்தவர் யாராக இருந்தாலும் அதைக் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. வாசகர் கடிதம் படிக்கும் எனக்கும் அதிலிருந்து விலக்கு இல்லை. நாம் பேசிய மறுநாளே நீங்களும் உங்கள் கணவரும் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போய்விட்டீர்கள் என்பதால், இனி எழுதுவது உங்களுக்குப் பாதியும், இதே நிலையில் இருந்துகொண்டு யாருக்கும் எழுதாதவர்களுக்குப் பாதியுமாக அமையும்.

மகள் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரே மதிக்கும் ஒரு பெரியவரை 13 வயதுக் குழந்தை நறுக்கென்று பேசித் திருத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது, அவர் செய்ததற்கான பொறுப்பைக் கொஞ்சம் அவள் தலையிலும் ஏற்றுவதாகும் என்பது என் கருத்து. பதில் சொல்லப் பழக்கிய பிறகும் அந்த நேரத்தில் அவளுக்கு வாய் வராமல் போனால், ‘சொல்லித்தானே அனுப்பினேன், ஏன் சும்மா நின்றாய்’ என்று நாம் கேட்காவிட்டாலும் அவள் தன்னையே கேட்டுக்கொள்வாள். பயத்தில் உடம்பு விறைத்து, நாக்கு எழாமல் போவது பெரியவர்களுக்கும் நேர்வதுதான். நடந்ததைப் பெற்றவளிடம் வந்து சொன்னதோடு அவளுடைய பங்கு முடிந்துவிட்டது. கோச்சுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள், உங்கள் கணவர், அந்த அணியை நடத்துபவர்கள், அதற்குப் பிறகு சட்டம்.

ஆனாலும் அவளிடம் சில வாக்கியங்கள் கைவசம் இருப்பது நல்லதுதான். இந்த ஒருவருக்காக மட்டுமன்றி, நாளை பேருந்திலோ கல்லூரியிலோ வேலை செய்யும் இடத்திலோ அவை உதவும். எழுத்துத் தமிழில் சொல்லிக் கொடுத்தால் அவை வாயில் வராது; அவள் பேசும் பேச்சிலேயே இருக்க வேண்டும். ‘அப்படிப் பேசாதீங்கண்ணா, எனக்குப் புடிக்கல’ என்பது போதும். ‘ஆட்டத்தைப் பத்தி மட்டும் சொல்லுங்கண்ணா’ என்பது அதைவிடச் சுலபம், ஏனென்றால் அதில் சண்டை தொனிக்காது. கேட்டவர் எவராயினும் மறுத்துப் பேச அதில் இடமும் இல்லை. சிரிப்புக்குச் சிரிப்பைப் பதிலாகத் தர வேண்டியதில்லை என்பதைத் தனியாகவே சொல்லிக் கொடுங்கள். நம் வீடுகளில் பெரியவர் சொன்னதற்குச் சிரித்து வைப்பதை மரியாதை என்று பெண் குழந்தைகளுக்குப் பழக்கி வைத்திருக்கிறோம். அந்தச் சிரிப்பையே பிறகு ‘அவளுக்கும் விருப்பம்தான்’ என்பதற்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். எதுவும் பேசாமல் பந்தை எடுத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகள் நிற்கும் பக்கம் நடந்துவிடுவதும் ஒரு பதில்தான். சமையலறையில் நீங்கள் கோச்சாக நின்று அவளை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். முதல் முறை வெட்கப்படுவாள், இரண்டாம் முறை சிரிப்பாள், பிறகு குரல் வரும்.

அதற்கெல்லாம் முன்பாக அவள் உங்களிடமிருந்து கேட்க வேண்டியவை வேறு மூன்று: அவள் சொன்னதை நீங்கள் நம்புகிறீர்கள், அவள் மேல் தப்பு இல்லை, இனி இதை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்பவை அந்த மூன்று. ‘முன்னாடியே ஏன் சொல்லல’ என்ற கேள்வி தாயின் வாயில் தானாக வரக்கூடியது, அதை விழுங்கிவிடுங்கள். அதே போல, பாட்டி ஒரு தரம், அத்தை ஒரு தரம், பக்கத்து வீட்டுக்காரி ஒரு தரம் என்று நடந்ததைத் திரும்பத் திரும்பக் கேட்க விடாதீர்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் குழந்தைக்கு வலிக்கும் என்பது ஒரு பக்கம் இருக்க, கேட்பவர் எடுத்துக்கொடுக்கும் சொற்கள் அவளுடைய சொற்களோடு கலந்துவிட்டால் பின்னால் நீதிமன்றத்தில் அவளுடைய வாக்குமூலம் பலவீனப்படும். அவள் முதல் முறை சொன்னதை, அவள் சொன்ன வார்த்தைகளிலேயே, நாளும் இடமும் குறித்து, ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் காதுக்குக் கூசும் சொல்லாக இருந்தாலும் அதை மாற்றாதீர்கள். போனில் வந்த வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமலும் அவற்றுக்குப் பதில் அனுப்பாமலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு போனுக்கும் அனுப்பி வையுங்கள். ஆத்திரத்தில் நீங்கள் ஒரு வசவு அனுப்பினால் அவர் தன் பக்கத்தில் அழிக்க வேண்டியதை அழித்துவிட்டுத் தயாராகிவிடுவார்.

பயிற்சியாளர் திட்டுவதெல்லாம் குற்றமா என்ற சந்தேகம் பல பெற்றோருக்கு இருக்கிறது. ‘பந்தைப் பார்க்காம எங்கடி பார்க்குற’ என்று கத்துபவர் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார். குரல் உரக்க இருந்தாலும் அது திடலின் பேச்சு. உடல் வளர்ச்சியைப் பற்றியும், உடை உடம்பில் எப்படி இருக்கிறது என்பது பற்றியும், காதல் கல்யாணம் பற்றியும் பேசுவதற்கு ஆட்டத்தில் எந்த வேலையும் இல்லை. ‘எல்லாரிடமும் இப்படித்தான் ஜாலியாகப் பேசுவார்’ என்ற சமாதானம் வரும்போது, அதையே குழந்தையின் அப்பா பக்கத்தில் நிற்கும்போது சொல்வாரா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் மகளின் விஷயத்தில் அந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை. இரவுச் செய்தி, புகைப்படம், ‘வீட்டில் சொல்லாதே’ ஆகிய மூன்றும் ஒருவரிடமிருந்தே வரும்போது அதை வாய்த்துடுக்கு என்று தள்ளிவிட முடியாது. குழந்தையைத் தன் வசப்படுத்த முனைபவர்கள் முதலில் ஒரு சொல்லை வீசிப் பார்ப்பார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை என்றால் அடுத்த படிக்குப் போவார்கள்.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தொடுதலை மட்டும் பற்றியது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பாலியல் நோக்கத்துடன் ஒரு குழந்தையிடம் பேசும் சொல், எழுப்பும் ஒலி, காட்டும் சைகை, போன் வழியாகவோ இணையம் வழியாகவோ விடாமல் தொடர்புகொள்வது எல்லாமே அதன் 11ஆம் பிரிவின்படி பாலியல் சீண்டல். 12ஆம் பிரிவின்படி அதற்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு. 18 வயது நிறையாத ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் இது ஒன்றுதான். நோக்கம் இருந்ததா இல்லையா என்பதைப் பெற்றோர் நிரூபித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. அது இருந்ததாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்ட வேண்டியவர் எதிராளி என்கிறது 30ஆம் பிரிவு.

காவல் நிலையம் என்றதும் வயிற்றைக் கலக்குவது இயல்பு. குழந்தையை அங்கே அழைத்துப் போய் உட்கார வைக்க வேண்டும் என்பதில்லை. அவளுடைய வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஒரு பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து, பெற்றோரோ குழந்தை நம்பும் வேறொருவரோ உடனிருக்கையில் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நீங்கள் தொலைபேசியில் சொன்னபடி உங்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. நேரே நிலையத்துக்குப் போகத் தயங்குபவர்கள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். வழக்கு முடியும்வரை குழந்தைக்குத் துணை நிற்க ஆதரவு நபர் ஒருவரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்க 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகளில் வழி இருக்கிறது. கேட்டுப் பெறுங்கள், கேட்காமல் வந்து சேரும் என்று காத்திருக்க வேண்டாம்.

இனி உங்களுக்கு வரப்போகும் தொல்லை காவல் நிலையத்திலிருந்து அன்று, ஏரியாவிலிருந்துதான். நல்ல மனுஷன், நாலு பிள்ளைகளை ஆளாக்கியவர், ஒரு வார்த்தைக்காக அவர் பிழைப்பைக் கெடுக்கலாமா, உள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் வருவார்கள். வந்தவர்களை உட்கார வைத்துத் தேநீர் கொடுங்கள். எதிலும் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். குழந்தையின் தந்தையோடு சமரசம் ஆகிவிட்டது என்ற காரணத்தால் ஒரு பள்ளி ஆசிரியர் மீதான போக்சோ வழக்கை ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை, உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் செல்லாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. அவர் நல்லது செய்தவர் என்பது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இலவசமாக ஷூ வாங்கித் தந்தவரே தகாத பேச்சும் பேசக்கூடும். சொல்லப்போனால் அந்த நல்ல பெயர்தான் இத்தனை நாள் பிள்ளைகளின் வாயைக் கட்டிப்போட்டிருந்தது. 2021 மே மாதத்தில் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோ சட்டத்தின்கீழ் கைதானபோது, முதலில் ஒருவர் புகார் கொடுத்த பிறகே, பல ஆண்டுகளுக்கு முன் அவரிடம் பயின்றவர்களும் முன்வந்து பேசினார்கள். உங்கள் மகளின் அணியிலும் அவள் ஒருத்தியிடம் மட்டும்தான் அவர் அப்படிப் பேசினார் என்று நாம் நம்பிவிட முடியாது.

உங்கள் கணவரின் கோபம் எனக்குப் புரிகிறது. அவர் கையை ஓங்கினால் அன்று மாலைக்குள் கதை அடிதடி வழக்காக மாறி, குழந்தை சொன்னது காற்றில் போய்விடும். இதைவிடப் பெரிய பயம் ஒன்றும் அவளுக்குள் வரும்: நான் வாயைத் திறந்ததால்தான் அப்பா ஜெயிலுக்குப் போகிறார் என்று.

மாமியார் சொல்வதற்கு வருகிறேன். எனக்கு மிகவும் உறுத்திய பகுதி இதுதான். குற்றம் செய்தவர் திடலில் நிற்க, சொன்னவள் வீட்டில் உட்கார்ந்தால், அது அவளுக்குக் கிடைத்த தண்டனையாகத்தான் அவள் மனத்தில் பதியும். அதைப் பார்த்த அவளுடைய தோழிகளும் தங்களுக்கு நடந்ததை வீட்டில் சொல்ல மாட்டார்கள். செய்தித்தாள்கள் மினி பிரேசில் என்று எழுதும் அளவுக்குக் கால்பந்தோடு ஊறிய ஊர் வியாசர்பாடி. அங்கே காசு வாங்காமல் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லித் தரும் கண்ணியமான ஆண்களும் பெண்களும் பலர் இருக்கிறார்கள். இந்த ஒருவரால் எல்லாரையும் சந்தேகப்படுவது அநியாயம். அவள் சிறிது நாள் ஓய்வெடுக்க விரும்பினால் எடுக்கட்டும்; எப்போது, எங்கே, யாரோடு திரும்ப ஆடுவது என்பதை அவளே சொல்லட்டும். கோச்சைப் பகைத்தால் சான்றிதழ் கிடைக்காமல் போகுமோ என்று தொலைபேசியில் நீங்கள் சொன்ன கவலைக்கும் அடிப்படை இல்லை. விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உதவும் சான்றிதழைத் தருவது போட்டியை நடத்தும் சங்கமோ பள்ளிக் கல்வித் துறையோதான். எந்தக் கோச்சின் சட்டைப் பையிலும் அது இல்லை.

புதிய இடத்தில் சேர்க்கும்போது பீஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் வேறு சிலவற்றைக் கேளுங்கள். குழந்தைகளோடு பழகும் ஊழியர் ஒவ்வொருவரைப் பற்றியும் காவல் துறை வழியாக விசாரித்துச் சான்று பெற வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் பள்ளிகளோடு விளையாட்டு அகாடமிகளையும் பெயர் சொல்லியே கட்டாயப்படுத்துகின்றன. அந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்பது அவமரியாதை ஆகாது. பயிற்சி நேரத்தில் பெற்றோர் நின்று பார்க்கலாமா, வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது கூட வரும் பெண் யார், பிள்ளைகள் உடை மாற்றும் இடம் எது, செய்திகள் பெற்றோரும் உள்ள குழுவில் மட்டும் வருமா என்பனவற்றையும் கேளுங்கள். நல்ல பயிற்சியாளர் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். முகம் சுளிப்பவரிடம் விட வேண்டாம்.

கேள்வி: நான் காசிமேட்டில் விசைப்படகில் தொழில் செய்பவன். 11 வயது மகனைக் குத்துச்சண்டைப் பயிற்சிக்கு அனுப்புகிறேன். அங்குள்ள மாஸ்டர் அவனைக் ‘குண்டா’, ‘கருவாயா’ என்றே கூப்பிடுகிறார். வலியில் அழுதால் பொட்டை என்கிறார். நானும் இதே மாதிரி திட்டும் அடியும் வாங்கித்தான் கற்றுக்கொண்டேன், அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது பையன் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. இதில் நான் தலையிட வேண்டுமா, அல்லது அவன் தாங்கிக்கொள்ளப் பழகட்டும் என்று விட வேண்டுமா?

பதில்: தலையிட வேண்டும். சாப்பாட்டைத் தொடாத பிள்ளை எதையும் தாங்கிக்கொள்ளவில்லை, தண்டனையைத் தானே தன் உடம்புக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

குத்துச்சண்டை எடைப் பிரிவு வைத்து ஆடும் ஆட்டம் என்பதால், எடையைப் பற்றிப் பேசாத மாஸ்டர் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பேச்சு கிலோவில் இருக்க வேண்டும், பட்டப்பெயரில் இருக்கக் கூடாது. அதுவும் 11 வயதுப் பையனின் எடையை அவனுடைய பெற்றோரிடம் தனியாகப் பேச வேண்டும், வரிசையில் நிற்க வைத்து அல்ல. வளரும் பிள்ளை உழைக்கும் உழைப்புக்கு ஏற்றபடி சாப்பிடாவிட்டால் எலும்பு பலவீனப்படும், உயரம் நின்றுபோகும், காயம் ஆற நாளாகும், பெண் பிள்ளையாக இருந்தால் மாதவிலக்கும் தடைப்படும். விளையாட்டு வீரர்களிடம் காணப்படும் இந்த ஆற்றல் பற்றாக்குறையைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் ஒரு தனி நிலையாக வரையறுத்து எச்சரித்தது. ஆகவே மாஸ்டரின் கேலி உங்கள் மகனை நல்ல குத்துச்சண்டைக்காரனாக ஆக்கவில்லை என்பதை அவருடைய தொழில் மொழியிலேயே அவரிடம் சொல்ல முடியும்.

முந்தைய கடிதத்துக்குச் சொன்னதற்கு மாறாக, இங்கே நேரில் போய்ப் பேசுவதுதான் முதல் வேலை. பயிற்சி முடிந்து பிள்ளைகள் கலைந்த பிறகு, மனைவியையோ அண்ணனையோ உடன் அழைத்துக்கொண்டு போங்கள். ‘மாஸ்டர், பையனை நீங்க கண்டிக்கிறதுல எங்களுக்கு வருத்தமில்ல. பேர் சொல்லிக் கூப்பிடுங்க. நிறத்தையும் உடம்பையும் சொல்லிக் கூப்பிடறதால ராத்திரி சாப்பிட மாட்டேங்குறான்’ என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் விளக்கம் கொடுத்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். பெரும்பாலான மாஸ்டர்கள் இதற்கே மாறிவிடுவார்கள், ஏனென்றால் தாங்கள் கேட்டு வளர்ந்த பேச்சைத்தான் அவர்களும் யோசிக்காமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாறாவிட்டால் மன்றத்தை நடத்துபவர்களிடம் எழுத்தில் கொடுத்துவிட்டு இடத்தை மாற்றுங்கள். தன் பொறுப்பில் உள்ள குழந்தைக்குத் தேவையற்ற மன வேதனையோ உடல் வேதனையோ உண்டாகும்படி கொடுமை செய்வது 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி குற்றம் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளைப் பலர் முன்னிலையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், அதற்கு 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அங்கே பேசிப் பார்ப்போம் என்று தாமதிக்க வேண்டாம்.

நீங்கள் திட்டும் அடியும் வாங்கித்தான் கற்றுக்கொண்டீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களோடு சேர்ந்து கற்கத் தொடங்கி, அதே திட்டைத் தாங்காமல் பாதியில் நின்றுபோனவர்களையும் நினைத்துப் பாருங்கள். அவர்களில் உங்களைவிட நன்றாக ஆடியவர் ஒருவராவது இருந்திருப்பார். அழுகையைப் பொறுத்தவரை, மாஸ்டரிடம் பேசுவதற்கு முன் மகனிடம் நீங்கள் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது: வலித்தால் கண்ணில் தண்ணீர் வரும், அப்பாவுக்கும் வந்திருக்கிறது என்று. காசிமேட்டு ஆண்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்வது அபூர்வம் என்பதால்தான் எழுதுகிறேன்.

கேள்வி: கொருக்குப்பேட்டையில் பெண் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லித் தருகிறேன். இப்போதெல்லாம் தோளில் தட்டிக் கொடுக்கவே பயமாக இருக்கிறது. நல்ல எண்ணத்தோடு இருப்பவர்களும் ஒதுங்கிப் போக வேண்டியதுதானா?

பதில்: ஒதுங்க வேண்டாம், வெளிச்சத்தில் நில்லுங்கள். கை வைக்கும் நிலையைத் திருத்த வேண்டுமானால், ‘முழங்கையைப் பிடிச்சுக் காட்டட்டுமா’ என்று கேட்டுவிட்டு, எல்லாரும் பார்க்கும் இடத்தில் திருத்துங்கள். வேண்டாம் என்று சொல்பவளுக்கு இன்னொரு மாணவியை வைத்துக் காட்டுங்கள். பிள்ளைகளுக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்பாமல் பெற்றோர் உள்ள குழுவிலேயே எழுதுங்கள். மூத்த வீராங்கனை ஒருவரைத் துணைப் பயிற்சியாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் விளையாட்டு நிறுவனம், அரங்கம், போட்டி நடக்கும் இடம் ஆகியவற்றையும் பணியிடம் என்றே கணக்கில் கொள்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மன்றமாக இருந்தால், புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு அமைப்பது உங்கள் நிர்வாகத்தின் கடமை. புகார் சொல்ல ஓர் இடம் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிவது உங்களைப் போன்ற ஒழுங்கான பயிற்சியாளருக்கும் பாதுகாப்புதான்.

கேள்வி: நான் திருவொற்றியூரில் பிளஸ் ஒன் படிக்கிறேன், கபடி ஆடுகிறேன். எங்கள் சார் என் தோழியிடம் அசிங்கமாகப் பேசுகிறார். அவள் என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள். நான் சொன்னால் நட்பு போய்விடும். சொல்லாவிட்டால் எனக்கும் தண்டனை கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. தெரிந்தும் தெரிவிக்காத பெரியவர்களுக்குத்தான் தண்டனை. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது பொருந்தாது என்று போக்சோ சட்டத்தின் 21ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஆகவே தண்டனைப் பயத்தை விட்டுவிட்டுத் தோழியைப் பற்றி மட்டும் யோசிக்கலாம்.

அவள் சத்தியம் வாங்கியதற்குக் காரணம், சொன்னால் வீட்டில் கபடியை நிறுத்திவிடுவார்களோ என்ற பயமாக இருக்கலாம். அதை அவளிடமே கேள். கேட்டுவிட்டு, ‘இத நான் தனியா வச்சுக்க முடியல, நாம ரெண்டு பேருமா ஒருத்தர்கிட்ட போய்ச் சொல்லலாம்’ என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. அவளுக்குத் தெரியாமல் போய்ச் சொல்வதைவிட அது நேர்மையானது, நட்பும் பிழைக்க வாய்ப்பு அதிகம். யாரிடம் போவது என்பதை அவள் தேர்ந்தெடுக்கட்டும்: அம்மாவோ, அக்காவோ, பள்ளியில் அவளுக்குப் பிடித்த டீச்சரோ. அப்படி ஒருவரும் தோன்றவில்லை என்றால் இருவரும் சேர்ந்து 1098ஐ அழையுங்கள். மாணவர்களுக்கான பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணும் இருக்கிறது. அவள் எதற்கும் இணங்காவிட்டாலும் நீ உன் அம்மாவிடம் சொல்லிவிடு. அதுவரை பயிற்சி முடிந்ததும் அவளைத் தனியே விட்டுவிட்டு வராதே. சார் அவளை மட்டும் இருக்கச் சொன்னால், நீயும் அவளோடு இரு.